பொன்னும் ஓலையும்: நூதனசாலைகளில் உரோமப் பொன்னணிகளும் விசிறிகளும் - யாழ்ப்பாண நோக்கில் ஓர் ஆய்வுக் குறிப்பு

தந்தை வழியில் ஈழத்துத் தமிழ்க் குடும்பமொன்றைச் சேர்ந்த ஆனந்த குமாரசுவாமி, 1917ஆம் ஆண்டு பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையின் இந்தியக் கலைப்பகுதிப் பொறுப்பை ஏற்றார். 1947இல் இறக்கும்வரை அந்நிறுவனத்தோடு தொடர்புற்றிருந்தார். கண்டிய இராச்சியத்துப் பொற்கொல்லரையும் பாய் இழைப்போரையும் நேரிற்கண்டு 1908இல் பெருநூல் எழுதிய அவர் பணியாற்றிய அதே நிறுவனத்தில், உரோமப் பேரரசுக் காலத்துப் பொற்காதணிகளும் மோதிரங்களும் ஒரு பகுதியிலும், ஐரோப்பியச் சீமாட்டியரின் அலங்கார விசிறிகள் பிறிதொரு பகுதியிலும் பேணப்பட்டு வருகின்றன. மேலைநாட்டுப் பெரும் நூதனசாலைகள் பலவற்றில் இவ்விருவகைப் பொருள்களும் உண்டு. அவற்றைக் காண்போர் கைத்திறனை வியப்பர். காலத்தையும் நாட்டையும் வாசித்துவிட்டு அடுத்த பெட்டிக்கு நகர்வர்.

கோப்பாயிலிருந்து நோக்குவோனுக்கு வேறொரு வினா எழுகின்றது. உரோமப் பொன் பெருமளவில் வந்திறங்கியது தமிழகத்தின் கரைகளில்; விசிறிக்கென்றே இயற்கை படைத்ததுபோன்ற இலையை உடைய பனை அடர்ந்து நிற்பது யாழ்ப்பாணக் குடாநாட்டில். அவ்வாறிருக்க, பழைய பொன்னணியும் பழைய விசிறியும் நம்மிடத்தில் ஏன் இத்துணை அரியனவாயின? போரும் கொள்ளையும் காரணமெனல் எளிது. அது முழுமையான விடையன்று. பொன் மதிப்பு மிகுந்தமையால் உருக்கப்பட்டது. ஓலை மதிப்புக் குறைந்தமையால் எரிக்கப்பட்டது. இவ்விரு அழிவுக்கும் தப்பியவையே நூதனசாலையை அடைகின்றன. அவை தப்பியமைக்குக் காரணம் பெரும்பாலும் அழகன்று, ஏதேனுமொரு பேரிடரோ பறிப்போ ஆகும். இக்கருத்தைச் சில சான்றுகளின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் உரோமரின் அணிகளை எடுத்துக்கொள்வோம். அவற்றிற் பொன்னைவிடக் கற்களும் முத்துக்களுமே கிழக்கோடு நெருங்கிய தொடர்புடையன. எகிப்தின் பயூம் பகுதியிற் பதனிடப்பட்ட பிணங்களோடு பொருத்தப்பட்ட பெண்களின் ஓவியங்கள் பலவற்றிலே காதிலிருந்து முத்துக்கள் தொங்குவதைக் காணலாம். ஒரு சிறு பொற்கம்பியின் இரு நுனியிலும் முத்தைக் கோத்து, தலை அசையும்போது அவை ஒன்றோடொன்று மோதி ஒலிக்குமாறு செய்த காதணிகளை உரோமப் பெண்கள் பெரிதும் விரும்பினர். அவற்றுக்கு வழங்கிய பெயரே கைத்தாளத்தின் பெயரை ஒட்டியது. பிளினி இவ்வாடம்பரத்தைக் கடிந்துரைத்தவர். இந்தியா, சீனம், அராபியா ஆகிய நாடுகள் ஆண்டுதோறும் பத்துக்கோடி செஸ்தர்ஸ் நாணயத்தை உரோமப் பேரரசிலிருந்து இழுத்துக்கொள்கின்றன என்று கணக்குக் கூறியவரும் அவரே. அக்கணக்கின் துல்லியம் பற்றி அறிஞர் வாதிட்டு வருகின்றனர். ஆனால் பணம் எத்திசையிற் சென்றது என்பதிற் கருத்து வேறுபாடில்லை.

முத்தை எடுத்தோர் யார் என்பதையும் கேட்கவேண்டும். கி.பி. முதலாம் நூற்றாண்டிற் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'செங்கடற் பெரிபுளூஸ்' என்ற கடல்வழிக் கையேடு அதனை ஒரு வரியிற் குறிப்பிடுகின்றது. கொற்கையின் முத்துக்குளிப்பிலே தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்பதே அச்செய்தி. பாண்டிய அரசின் கைதி மூச்சடக்கி மன்னார்க் குடாவின் அடியிலிருந்து எடுத்த முத்து, நேப்பிள்ஸ் குடாக்கரையில் ஒரு செல்வச் சீமாட்டியின் காதிலே தாளமிட்டது. நூதனசாலைச் சீட்டுக்களில் 'பொன், முத்து' என்ற இரு சொற்களே உள. இக்கைதியின் தொழிலுக்கு அங்கே இடமில்லை.

அவ்வணிகள் எஞ்சியமை எங்ஙனம்? கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது பொம்பெயியிலும் அயலூர்களிலும் தம் நகைகளைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடியவர்கள் சாம்பரில் மூடுண்டனர். எகிப்தின் வறண்ட மணலிற் பிணத்தோடு நகையும் புதைந்தது. உரியவரோ அவர்தம் வழித்தோன்றலோ திரும்பிவந்து எடுத்திருந்தால், அப்பொன் அடுத்த தலைமுறையில் வேறொரு நகையாகியிருக்கும்.

இனித் தமிழகத்திற்கு வருவோம். முத்துக்கும் மிளகுக்கும் விலையாக உரோமப் பொற்காசும் வெள்ளிக்காசும் இங்கு வந்தன. 1898இற் புதுக்கோட்டையைச் சார்ந்த கருக்காக்குறிச்சியில் ஒரு பானையுள் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அகஸ்தஸ் முதல் வெஸ்பாசியன் வரையுள்ள பேரரசரின் காசுகள் அவை. அவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றிற் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டப்பட்டுள்ளது. இவ்வெட்டுக்குக் காரணம் பலவாகக் கூறப்படும். நாணயமாக வழங்காமல் வெறும் பொன்னாகவே கொள்ளப்பட வேண்டும் என்பதற்கான அடையாளம் என்பர் சிலர். மாற்றுப் பார்த்த தழும்பு என்பர் வேறு சிலர். இரண்டில் எது சரியாயினும், வாங்கியவனுக்கு வேண்டியது பேரரசரின் தலையன்று, நிறை மட்டுமே என்பது தெளிவு.

இதே மனப்பாங்கு இலங்கை பற்றிப் பிளினி தரும் கதையொன்றிலும் வெளிப்படுகின்றது. கிளாடியஸ் பேரரசர் காலத்தில் உரோமன் ஒருவனின் விடுதலையடிமை காற்றில் அள்ளுண்டு இலங்கைக் கரையை அடைந்தானாம். அவனிடமிருந்த வெள்ளிக்காசுகளில் வெவ்வேறு தலைகள் பொறிக்கப்பட்டிருந்தும் நிறை ஒன்றாயிருந்ததைக் கண்டு இந்நாட்டரசன் உரோமரின் நேர்மையை மெச்சினானாம். கதை எவ்வளவு உண்மையோ, தராசைப் பற்றிய இச்செய்தி நம்பத்தக்கதாகவே தோன்றுகின்றது.

காசு இவ்வளவு கிடைக்க, உரோமப் பாணியிலமைந்த அணி மிகச் சிறிதே கிடைத்துள்ளது. கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரிற் காசுகளேயன்றிப் பொன்மோதிரங்களும் கிடைத்தன. அவை சென்னை அரசாங்க நூதனசாலையைச் சேர்ந்தன. கரூரில் அமராவதி ஆற்றுமணலிலிருந்து தமிழ்ப் பிராமி எழுத்திற் பெயர் பொறித்த மோதிரங்கள் வெளிப்பட்டன. இவற்றிற் பல அகழ்வாய்வில் அன்றி மணல் அரிப்போர் கையிலும் வணிகர் கையிலும் அகப்பட்டவை. எந்தப் படையில், எதனோடு கிடந்தன என்பது இனி அறியவொண்ணாதது. புதுச்சேரியை அடுத்த சுத்துக்கேணியின் ஈமக்குழிகளிற் கிடைத்த பொன்னணிகளில் ஒரு பகுதி பாரிசிலுள்ள கீமே நூதனசாலையை அடைந்தது. வெகு நுண்ணிய பொன்மணிகளை ஒட்டிச் செய்யும் மத்தியதரைக்கடல் நுட்பத்தை அவற்றிற் காணலாம் என்பர். உரோமக் காசைப் போலச் சுடுமண்ணில் அச்சிட்டுத் துளையிட்டுக் கழுத்தில் அணிந்தோரும் இருந்தனர். பொன் எட்டாதவனுக்கு மண்ணிலேயாவது அத்தலை வேண்டியிருந்தது. செல்வர் தலையை வெட்ட, வறியோர் தலையைப் போற்றினர் என்பது சுவையான முரண்.

அணி குறைவாகக் கிடைப்பதன் காரணத்தை அறிய இரண்டாயிரம் ஆண்டு பின்னோக்கிச் செல்லவேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்துத் திருமண வீட்டுக்குச் சென்றாற் போதும். இங்கே பொன்னின் அளவை 'பவுண்' ஆகும். பவுண் என்பது பிரித்தானியரின் பொற்காசு. அதன் நிறை ஏறத்தாழ 7.98 கிராம். அக்காசு வழக்கொழிந்து பல காலமாகியும் எட்டுக் கிராம் பொன்னைப் பவுண் என்றே கூறுகின்றோம். அகஸ்தஸ் காலத்து உரோமப் பொற்காசும் எட்டுக் கிராமுக்குச் சற்றே குறைந்த நிறையுடையது, கி.பி. 64 அளவில் நீரோ அதனைக் குறைத்தான். இவ்வொப்புமை தற்செயலானதே. ஆயின் அந்நியப் பேரரசின் காசு நம் கையில் நிறையாக மாறி, நிறை நகையாக மாறும் முறை ஒன்றுதான். வடமொழியில் 'தீனாரம்' என்ற சொல் உரோமரின் தெனாரியசிலிருந்து வந்து பொற்காசுக்குப் பெயரானதும் இவ்வாறே.

இம்மாற்றத்தை நாம் ஒரு சடங்காகவே ஆக்கியுள்ளோம். திருமணத்துக்குமுன் நன்னாளொன்றில் மாப்பிள்ளை வீட்டிற் 'பொன்னுருக்கல்' நிகழும். தாலிக்கென வைத்த காசு தட்டிலே வந்திருப்போர்க்குக் காட்டப்படும்; பின்னர் பத்தர் அதனைக் கரிநெருப்பில் இட்டு ஊதி உருக்குவார். அரசனின் தலையோ அரசியின் தலையோ சபையறியக் கரைந்து ஒரு குமிழாகிவிடும். பொன்னை உருக்குவது இழப்பு என்று எவரும் கருதுவதில்லை, அதுவே மங்கலம்.

தாலியோடு இது நின்றுவிடுவதில்லை. தாயின் அட்டியல் மகளின் சீதனத்தில் உருக்கப்பட்டுப் புதுமோடியில் வார்க்கப்படும். மகளின் காப்பு பேத்தியின் சங்கிலியாகும். தேசவழமைச் சட்டத்திற் சீதனம் பெண்ணின் உடைமை. எனினும் பயிர் பொய்த்தபோதும் பிள்ளையின் படிப்புக்கும் முதலில் ஈடுவைக்கப்பட்டது அவளின் நகைதான். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பாதிவிலையில் விற்கக்கூடியதாக மிஞ்சியதும் அதுவே. ஆதலால் நூறாண்டுக்கு முற்பட்ட யாழ்ப்பாண நகையொன்றை அதன் பழைய வடிவில் காண்பது எளிதன்று. கையிலுள்ள பொன்னில் எத்துணை தலைமுறைப் பொன் கலந்திருக்கின்றது என்பதை எந்தச் சோதனையாலும் பிரித்தறிய முடியாது. அதில் உரோமப் பொன் ஒரு துளி இருந்தாலும் வியப்பில்லை.

குடாநாட்டின் தொல்லியற் சான்றுகளும் இதனோடு ஒத்துச்செல்கின்றன. கந்தரோடையிற் போல் பீரிஸ் 1917இலும் 1919இலும் வெளியிட்ட ஆய்வுகளில் உரோமக் காசுகளும், மணிகளும், மைதீட்டும் செப்புக் கோல்களும் இடம்பெற்றன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு நடத்திய அகழ்வு, அரிக்கமேட்டோடு தொடர்புடைய உருளிவரி மட்கலங்களை வெளிக்கொணர்ந்தது. 1980-81இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டை ஈமக்குழியிற் கண்டெடுத்த முத்திரையும் பொன்னாலானதன்று. இலங்கையிலே திரளாகக் கிடைக்கும் உரோமக் காசுகளோ பெரும்பாலும் நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுச் செப்புக் காசுகளே. செப்பை உருக்குவதில் இலாபமில்லை. எனவே அது மண்ணில் தங்கிற்று.

கோப்பாயின் பெயர் பொன்னோடு சேர்ந்து பேசப்படுவது பதினாறாம் நூற்றாண்டிலேதான். 1560இற் கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா என்ற போர்த்துக்கேயத் தேசாதிபதி யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்து நல்லூரைக் கைப்பற்றியபோது, சங்கிலி மன்னன் கோப்பாய்க் கோட்டைக்குப் பின்வாங்கி, அங்கிருந்தும் தப்பிச் சென்றான் என்பது போர்த்துக்கேய வரலாற்றாசிரியர் வழிவந்த செய்தி. பின்னர் ஏற்பட்ட உடன்படிக்கையிற் போர்த்துக்கேயர் கேட்டவற்றுள் முக்கியமானது, கோட்டை இராச்சியத்திலிருந்து தப்பிவந்து யாழ்ப்பாணத்தில் உயிரிழந்த விதிய பண்டாரனின் திரவியம். நல்லூரிற் கைப்பற்றப்பட்டுப் பொன்னிற் பதிக்கப்பட்டிருந்த பல்லொன்றைப் புத்தரின் தந்தமெனக் கருதிக் கோவாவுக்குக் கொண்டுசென்றனர். அதனை மீட்கப் பெகு நாட்டு மன்னன் பெருந்தொகை தர முன்வந்தும், மதபீடத்தார் இடித்து எரித்து ஆற்றில் எறிந்தனர் என்பர். அது உண்மையான தந்ததாதுவன்று என்பது சிங்கள மரபு. அக்கேள்வி நமக்கு இங்கு வேண்டியதில்லை. பல் அழிக்கப்பட்டமையை விரிவாக எழுதியோர், அது பதிக்கப்பட்டிருந்த பொன்னைப் பற்றி அவ்வளவு அக்கறை காட்டவில்லை. அதுவும் உலைக்கே சென்றிருக்கும்.

விசிறிக்கு வருவோம். உரோமச் செல்வர் வீடுகளில் விசிறி வீசுவது அடிமைகளின் வேலை. மயிற்பீலியாலான விசிறியையும் ஈயோட்டியையும் புரொப்பேர்சியஸ், மார்சியல் ஆகிய புலவர்கள் குறிப்பிடுகின்றனர். மயிலின் தாயகம் நமது பக்கம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. பீலி அழிந்தது, பாட்டிற் பெயர் மட்டும் நின்றது. யானைத்தந்தத்தின் கதை வேறு. முசிறியிலிருந்து திரும்பிய 'ஹெர்மபொல்லோன்' என்ற கப்பலின் சரக்கைக் கணக்கிடும் இரண்டாம் நூற்றாண்டுப் பப்பிரசு ஏடொன்று வியன்னாவிலே உள்ளது, 1985இல் வெளியிடப்பட்டது. அதில் நறுமணத் தைலப்பொருளோடு தந்தமும் இடம்பெறுகின்றது. சுங்கம் நீங்கிய சரக்கின் பெறுமதி எழுபது இலட்சம் திரக்மாவை அண்மித்தது. பொம்பெயியில் 1938இற் கண்டெடுக்கப்பட்ட இந்தியத் தந்தப் பெண்ணுருவம் இவ்வாணிகத்துக்குக் கண்கூடான சான்று.

தந்தம் பதினாறாம் நூற்றாண்டில் மீண்டும் நம் கதைக்குள் வருகின்றது. இம்முறை விசிறியாகவே வருகின்றது. கோட்டை மன்னன் ஏழாம் புவனேகபாகு, தன் பேரன் தர்மபாலனின் அரசுரிமைக்குப் போர்த்துக்கலின் ஆதரவை வேண்டித் தூதனுப்பினான். தர்மபாலனின் பொன்னுருவத்துக்கு 1543இல் லிஸ்பனில் முடிசூட்டப்பட்டது. அக்காலத்துத் தந்தப் பேழைகள் மூனிச் நகர அரச கருவூலத்தில் உள்ளன. போர்த்துக்கல் அரசி கத்தரீனா இலங்கையில் தந்தத்தாற் செய்யப்பட்ட விசிறிகளைப் பெற்றுத் தன் ஹப்ஸ்பேர்க் உறவினருக்குப் பரிசளித்தாள். அவற்றுட் சில ஐரோப்பிய நூதனசாலைகளில் இன்றும் உள. 2010இற் சூரிச் நகரின் றீட்பேர்க் நூதனசாலை இலங்கைத் தந்தப் பொருள்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியது. இலங்கை யானைகளிற் கொம்புடையவை சிலவே ஆதலின் தந்தம் இங்கும் அரும்பொருள். நாடிழக்கும் அரசன் ஒருவன் தன் அரியணையைக் காக்க அனுப்பிய கையுறைகளின் வரிசையில் வந்தவை அவை. காற்று வாங்க அவை பயன்பட்டிருக்குமோ என்பது ஐயம். செதுக்கியவர் பெயர் ஒன்றேனும் தெரியவில்லை. அரசியின் பெயர் தெரியும்.

காற்று வாங்கப் பயன்பட்டது ஓலை விசிறி. பனையோலையை மட்டையோடு வெட்டி, பாரம் வைத்துத் தட்டையாக்கி, ஓரத்தை வட்டமாக நறுக்கி, மட்டையையே பிடியாக்கினால் விசிறி முடிந்தது. சார்வோலையை வார்ந்து, சாயம் தோய்த்து, பெட்டியும் பாயும் இழைப்பதுபோல் இழைத்தெடுப்பது மற்றொரு வகை; அது பன்னவேலையின் பாற்படும். இதனைச் செய்தோர் பெரும்பாலும் உழைக்கும் குடும்பத்துப் பெண்கள். ஓலையின் ஈரப்பதம் அறிவது, வாரின் அகலம் விலகாமற் கிழிப்பது, ஓரத்தை மடித்துப் பொத்துவது ஆகியன சிறுவயதிற் கற்றாலன்றிக் கைவராதவை. தந்தம் செதுக்குவோனின் திறனுக்கு இது குறைந்ததன்று. மூலப்பொருளின் விலையே குறைவு. சித்திரை வெயிலிலும், நோயாளியின் பாயருகிலும், அடுப்படியிலும் ஓரிரு வருடம் உழைத்து, நுனி பிய்ந்தபின் அதே அடுப்பில் விறகாக முடிவது அதன் வாழ்வு.

விசிறியின் சமூக வரலாறு, வீசுபவர் யார், வீசப்படுபவர் யார் என்பதில் அடங்கியுள்ளது. கோயிலில் ஆலவட்டமும் சாமரையும் தெய்வத்துக்கு. அரசவையில் அவை அரசனுக்கு. பிரித்தானியர் காலக் கச்சேரிகளில், கூரையிலே தொங்கிய பங்காவின் கயிற்றை வெளியே இருந்த ஒரு கூலியாள் இழுக்க, உள்ளே துரை கோவைகளைப் பார்த்தான். இவ்வரிசையில் ஒரு தலைகீழ் நிகழ்ச்சி சங்க இலக்கியத்தில் உண்டு. முரசுகட்டிலில் அறியாது உறங்கிய மோசிகீரனாருக்குத் தகடூர் எறிந்த பெருஞ்சேரலிரும்பொறை விசிறி வீசினான் என்பது புறநானூற்றாற் பெறப்படும். அரசன் விசிறி பிடித்தமை ஆயிரத்தில் ஒருமுறை நிகழ்ந்தமையாலேயே அது பாட்டாயிற்று. மற்றவர் நாள்தோறும் பிடித்தமை பாட்டாகவில்லை. நூதனசாலைகளும் இவ்விலக்கணத்துக்கே பெரும்பாலும் உட்பட்டவை. கண்டியத் தலைவர்கள் பிக்குகளுக்கு அளித்த, தந்தப்பிடியிட்ட வட்டாபத விசிறிகளும் அரசச்சின்னமான சேசத்தும் சேகரிக்கப்பட்டுள்ளன. அடுப்பு விசிறியை எவரும் தேடவில்லை.

ஓலை நிலையாதது என்பதை நாம் பிறிதொரு வழியிலும் அறிவோம். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பராயின. எழுதிய ஓலையும் எழுதாத ஓலையும் நெருப்புக்கு ஒன்றே. சுவடிக்காவது பிரதி எடுத்துவைக்கும் மரபு இருந்தது. விசிறியின் பிரதி கையிலும் கண்ணிலும் மட்டுமே இருந்தது. இழைக்கத் தெரிந்தவள் இறந்தால் அக்கோலமும் இறந்தது.

நல்லூரில் நாவலர் வீதியிலுள்ள தொல்பொருள் நூதனசாலையிற் கந்தரோடைப் பொருள்கள் உள. கோப்பாயிலிருந்து கடனீரேரியைக் கடந்தாற் கைதடியிற் பனை ஆராய்ச்சி நிறுவனம் உள்ளது. பனை அபிவிருத்திச் சபை 1978 முதல் இயங்கி வருகின்றது. பன்னவேலை விசிறிகள் இன்றும் விற்பனைக்குச் செய்யப்படுகின்றன. ஆனால் விற்பனைக்குரிய விசிறி வாங்குவோரின் விருப்பத்துக்கேற்ப நிறமும் அளவும் மாறுவது. அடுப்படி விசிறி அவ்வாறன்று. ஊர்தோறும் இவ்விசிறிகளில் ஒவ்வொன்றைப் பெற்று, செய்தவரின் பெயர், கற்றுக்கொடுத்தவர், ஓலை வெட்டிய பருவம், அன்றைய விலை ஆகியவற்றையும் எழுதிச் சேர்ப்பதற்குப் பெரும்பணம் வேண்டியதில்லை. தந்த விசிறிக்கு இல்லாத வரலாறு இவ்வோலை விசிறிக்கு அவ்வழியிற் கிடைத்துவிடும்.

பொன்னுக்கு இது சற்றுக் கடினம். நகையைக் கொடுவென்று எந்தப் பெண்ணையும் கேட்கவியலாது. கேட்கத்தக்கன பத்தரின் ஊதுகுழல், குறடு, அச்சுக்கட்டை, பழைய மோடிகளை வரைந்துவைத்த கொப்பி ஆகியவை. பொன் உருக்கும் மண்மூசையையும் பெறலாமோ என்று எண்ணத் தோன்றும். மூசையின் உட்சுவரிற் பொற்றுகள் ஒட்டியிருக்கும் ஆதலாற் பத்தர் அதனை எறிவதில்லை. வெடித்தபின் இடித்துப் பொடியாக்கி, பட்டறை நிலத்துக் கூட்டலோடு சேர்த்து நீரில் அரித்து, அந்தத் துகளையும் எடுத்துவிடுவர்.